ஒரு நாளைக்கு ஐந்து கவலை

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் நான் செய்த முதல் காரியம், சமையலறை வாசலில் போய் நின்றதுதான்.

"சிலிண்டரை மூடியாச்சா?" என்று கேட்டேன்.

என் மனைவி திரும்பிப் பார்த்தாள். அடுப்பில் டீ பொங்கிக்கொண்டிருந்தது. "மூடிட்டா இது எப்படிங்க கொதிக்கும்?" என்றாள்.

அதுவும் நியாயம்தான் என்று நகர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தேன். பால் பாக்கெட்டில் தேதி பார்த்தேன். பின்கதவுத் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தேன். அவளுடைய பிரஷர் மாத்திரை டப்பாவைக் குலுக்கிப் பார்த்தேன். அது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, கரையில கட்டிப் போட்ட கப்பல் மாதிரி இங்கனயே நிக்கியளே, எப்பதான் கிளம்புவிய?"

அவள் கப்பலை இழுத்ததற்குக் காரணம் என் வேலை. துறைமுகத்தில் கப்பலிலிருந்து வீசுகிற கயிற்றை வாங்கி, கரையில் இருக்கிற இரும்புத் தூணில் மாட்டுகிற கூட்டத்தில் நான் ஒருவன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, அங்கே இங்கே கூலி வேலை பார்த்து, கடைசியில் துறைமுகத்தில் ஒட்டிக்கொண்டவன். அந்த வேலைக்குப் படிப்பு வேண்டாம். பயம் வேண்டும். ஆள் தொடை தடிமனுள்ள கயிறு இழுவையில் நிற்கும்போது, இது அறுந்தால் எந்தப் பக்கம் அடிக்கும் என்று யோசித்துக்கொண்டே நிற்கிறவனுக்குத்தான் கை கால் மிஞ்சும். நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். வீட்டில் "பயந்தாங்கொள்ளி" என்றார்கள். அங்கே "அண்ணாச்சி இருந்தா தைரியமா நிக்கலாம்" என்றார்கள். ஒரே குணத்துக்கு இரண்டு இடத்தில் இரண்டு பேர்.

ஓய்வு பெற்ற பிறகு கயிறு போய்விட்டது, பயம் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அது சும்மா இருக்குமா? சிலிண்டரைப் பிடித்துக்கொண்டது, தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டது. தூரத்தில் கப்பல் ஊதினால், யார் கயிறு பிடிக்கிறானோ, ஒழுங்காக நிற்கிறானோ என்று வீட்டிலிருந்தே எட்டிப் பார்ப்பேன். தெரிவது எதிர் வீட்டு மொட்டை மாடியில் காய்கிற துணிதான்.

இதோடு முடிந்திருந்தால் இது எழுதுகிற அளவுக்கு விஷயம் இல்லை. ஒரு நாள் புதுக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்கு அவள் மட்டும் போனாள். பெரிய புதுக்கோட்டை இல்லை, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் அதே பேரில் இருக்கிற சின்ன ஊர், காலையில் போனால் மத்தியானம் வந்துவிடலாம். அவள் பஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில் எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. உள்ளங்கை வேர்த்தது. இது அதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் பைக்கில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரிட்டயர்டு ஆகி எவ்வளவு நாளாச்சு?"

"இப்பதான் டாக்டர். கொஞ்ச மாசம்."

"இருதயம் நல்லா இருக்கு. ஏதாவது வேலை வச்சுக்கிடுங்க. சும்மா மட்டும் இருக்காதீங்க."

கல்யாணப் பட்டுச் சேலையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த என் மனைவி, ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் வராந்தாவில் வைத்தே பிடித்துக்கொண்டாள்.

"அரை நாளைக்கே இந்தக் கூத்து. நவம்பர்ல நான் போயிட்டா என்ன செய்விய?"

எங்களுக்கு ஒரே மகள். ஓசூரில் இருக்கிறாள். நவம்பரில் அவளுக்கு இரண்டாவது பிரசவம். முதல் பிள்ளைக்கு இங்கே வந்துவிட்டாள். இந்தத் தடவை மூத்தவனைப் பள்ளிக்கூடத்தில் விட்டிருப்பதால் வர முடியாது, அம்மாதான் போக வேண்டும். போனால் மூன்று மாசமாவது ஆகும். நானும் கூடப் போகலாமே என்றால், அந்தக் கதை முன்பே நடந்து முடிந்துவிட்டது. பேரனுக்குக் காய்ச்சல் என்று ஒரு தடவை போயிருந்தேன். தூங்குகிற பிள்ளை மூச்சு விடுகிறானா என்று மூக்குக்கு நேரே விரலை வைத்து வைத்துப் பார்த்து, மூன்று ராத்திரியும் அவனை எழுப்பிவிட்டேன். மருமகன் நல்ல பையன். "மாமா, நீங்க ஊருக்குப் போயி நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று அவனே போய் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தான்.

ஆக, விஷயம் இதுதான். நான் தனியாக இருந்துகொள்வேன் என்று அவளுக்கு நம்பிக்கை வந்தால் அவள் போவாள். வராவிட்டால், எங்கள் மகள் பெற்ற தாய் பக்கத்தில் இல்லாமல் பிள்ளை பெறுவாள். என்னால்.

இதை யோசித்தால் மறுபடி உள்ளங்கை வேர்த்தது.

வழி கண்டுபிடித்ததும் அவள்தான். எங்கள் தெரு முனையில் ஒரு குருசடி உண்டு. சிலுவை வைத்துக் கட்டிய சின்னக் கோயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று படி, இரும்புக் கம்பிக் கதவு, உள்ளே கண்ணாடிக் கூண்டுக்குள் நீலச் சேலை கட்டிய மாதா. தினமும் சாயந்தரம் அங்கே தெரு ஜனங்கள் கூடி ஜெபமாலை சொல்வார்கள். அதைத் திறந்து, கூட்டி, விளக்கேற்றி, முன்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்ற ஒரு பள்ளிக்கூட டீச்சர். தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். அவருக்கு முட்டி வலி வந்து படி ஏற முடியாமல் போய்விட்டது. சாவியை யாரிடம் கொடுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினாள்.

"இவரா?" என்றார் டீச்சர்.

"ஆமா டீச்சர். வீட்டுல இருந்தா என் உயிரை எடுக்காரு."

"தம்பி, ஜெபமாலை சொல்லத் தெரியுமா?"

"சின்ன வயசுல இருந்து சொல்லுதேன் டீச்சர்."

"கூட்டத்தோட கூட்டமா வாயசைக்கது வேற. முன்னால நின்னு சொல்லுதது வேற. நடுவுல நிறுத்தக் கூடாது, இருமக் கூடாது, அங்கன இங்கன பராக்குப் பாக்கக் கூடாது." சாவியை நீட்டினார். கொடுத்துவிட்டும் கொஞ்ச நேரம் விடவில்லை. "அக்டோபர் மாசம் முடியட்டும், பாப்போம்."

அக்டோபர் ஜெபமாலை மாதம். மற்ற நாளில் ஏழெட்டுப் பேர் வருகிற இடத்தில் அப்போது தெருவே கூடும். என் மனைவியும் அந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டாள். "அக்டோபர் முடியதுக்குள்ள உங்க படபடப்பு நின்னா நான் டிக்கெட் போடுதேன். இல்லைன்னா மகளுக்கு வேற ஆளைப் பாக்கச் சொல்லணும்."

அப்படித்தான் என் நாளுக்கு ஒரு முதுகெலும்பு வந்தது.

காலையில் முதல் பூசைக்குப் போவேன். வேலையில் இருந்தபோது ஷிப்டு முடிந்து வருகிற வழியில் கோயிலுக்கு வெளியே நின்று ஒரு சிலுவை போட்டுக்கொண்டு போனதோடு சரி. இப்போது உள்ளே உட்கார்ந்து முழுப் பூசை காண்கிறேன். சாமியார் பிரசங்கத்தில் பாதி எனக்குப் புரியாது. ஆனால் அந்த நேரத்தில் வேறு எங்கேயும் நான் இருக்க வேண்டியதில்லை என்பது புரியும். அதுவே போதும். திரும்புகிற வழியில் ஒரு டீ. பிறகு குருசடி.

எங்கள் ஊரில் எதைத் துடைத்தாலும் மறுநாள் மறுபடி துடைக்க வேண்டும். துறைமுகத்தில் இறக்குகிற நிலக்கரித் தூசி காற்றோடு வந்து எல்லாவற்றின் மேலும் உட்காரும். மாதாவின் கூண்டுக் கண்ணாடியில் விரலால் கோடு போட்டால் தெரியும். நான் அவ்வளவு வருஷம் வேலை பார்த்த இடம், என்னை மறக்காமல் தினமும் தெரு முனை வரைக்கும் வந்துவிட்டுப் போகிறது என்று நினைத்துக்கொண்டு துடைப்பேன். உப்புக் காற்றில் பூட்டு துருவேறும். அதற்குத் தேங்காய் எண்ணெய் விடுவேன். கம்பிக் கதவின் கீல், மணியின் கயிறு, சீரியல் பல்பு ஒயர் என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பேன். வீட்டில் தொட்டுப் பார்த்தால் வசவு. இங்கே அதற்கு ஊழியம் என்று பேர்.

மத்தியானம் கோயில் மணி அடிக்கும்போது எங்கே இருந்தாலும் நின்று மாதாவின் ஜெபத்தைச் சொல்வேன். பெரும்பாலும் டீக்கடையில் இருப்பேன். கடைக்கார பாய் எனக்குக் கொடுக்க வந்த கிளாஸை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் தொழுகைக்குப் போகும்போது கல்லாவை நான் பார்த்துக்கொள்வதால், எங்களுக்குள் இதில் பேச்சு கிடையாது. சாயந்தரம் குருசடி முன்னால் பாய் விரித்து, விளக்கேற்றி, ஜெபமாலை. செல்போனைப் பகல் முழுவதும் பீரோவில் வைத்துவிடுவேன். இது என் மனைவி போட்ட சட்டம். புயல் வருகிறது, பூமி பிளக்கிறது என்று சொல்கிற வீடியோக்களை நான் விடாமல் பார்ப்பதுதான் காரணம்.

ஐந்து கவலைக் கணக்கு வந்தது இந்தச் சாயந்தர ஜெபமாலையில்தான்.

ஜெபமாலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரே மங்கள வார்த்தை ஜெபத்தைப் பத்துப் பத்தாக ஐந்து தடவை சொல்வோம். ஒவ்வொரு பத்துக்கும் முன்னால், மாதாவின், அவள் மகனின் வாழ்வில் நடந்த ஒன்றை நினைக்கச் சொல்வோம்; அதற்குத் தேவ ரகசியம் என்று பேர். முன்னால் நிற்கிறவன் பாதி ஜெபம் சொல்வான், மற்றவர்கள் மீதி சொல்வார்கள். மனதை அதில் வைக்க வேண்டும் என்பது சட்டம். என் மனது அங்கே நிற்கவில்லை. வாய் மாதாவிடம் பேசும், மனது சிலிண்டரிடம் போகும். முதல் பத்து முழுக்கச் சிலிண்டர். பத்து முடிந்து அடுத்ததை அறிவிக்கும்போது ஒரு சின்ன இடைவெளி வரும். அதில் சிலிண்டர் நினைப்பு அறுந்து, இரண்டாவது பத்தில் மகள் வந்து உட்காருவாள். மூன்றாவதில் இன்னொன்று. முதலில் இதைப் பாவம் என்று நினைத்து அதற்கும் சேர்த்துக் கவலைப்பட்டேன். பிறகு ஒரு நாள் தோன்றியது, எப்படியும் வரத்தான் போகிறது, ஒழுங்காக வரட்டுமே. ஒரு பத்துக்கு ஒரு கவலை. அந்தப் பத்து முடிகிற வரைக்கும் அதை மாதாவின் முன்னால் முழுசாகக் கவலைப்பட்டுத் தீர்த்துவிட வேண்டும். அடுத்த பத்தில் அது தலை காட்டக் கூடாது. ஆக ஒரு நாளைக்கு ஐந்து. ஆறாவதாக ஒன்று பகலில் வந்து கதவைத் தட்டினால், "சாயந்தரம் வா, இடம் இருந்தா பாப்போம்" என்று சொல்லிவிடுவேன்.

மனைவியிடம் இதைச் சொன்னேன். "ரேஷன் கடை மாதிரியா?" என்று கேட்டாள்.

"அப்படித்தான் வச்சுக்கயேன்."

"நல்லது. அந்தக் கடையை வீட்டுல திறக்காம இருந்தாச் சரி."

செப்டம்பர் நன்றாகவே போனது. அக்டோபரும் பாதி வரைக்கும் நன்றாகவே போனது. அப்போது கீழவைப்பாரில் அவள் அண்ணன் கட்டிய புது வீட்டைச் சாமியார் ஜெபித்து மந்திரிக்கிற சடங்குக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. ஒரு வியாழக்கிழமை. சாமியார் சாயந்தரம்தான் வருவார் என்பதால், ராத்திரி தங்கி மறுநாள்தான் திரும்ப முடியும். நானும் வரட்டுமா என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"வேண்டாம். ஒரே ஒரு ராத்திரி. மூணு மாசத்துக்கு முன்னால ஒரு ராத்திரி இருந்து காட்டுங்க."

பரீட்சை என்று அவள் சொல்லவில்லை. ஆனால் ஏழாம் வகுப்போடு நான் ஓடி வந்ததே அந்தச் சங்கதிக்குப் பயந்துதான்.

அவள் போன அன்றைக்கென்று பார்த்து வானம் மூடிக்கொண்டு நின்றது. கடலில் காற்று பலமாக இருக்கும், யாரும் போகக் கூடாது என்று அறிவித்துவிட்டார்கள். படகெல்லாம் கரையில் நின்றது. அவளோ கடலை ஒட்டிய ஊரில் இருக்கிறாள். அன்றைக்கு ஐந்து கவலைக்கும் ஒரே ஆள்தான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ராத்திரி தூங்கிவிட்டேன். காலையில் அவள் போனில் கூப்பிட்டாள்.

"இருக்கியளா?"

"இருக்கேன்."

"சாயந்தரம் வந்திருவேன். மீன்காரி வந்தா சாளை வாங்கி ரெண்டு பொரிச்சுக்கிடுங்க. வேற ஒண்ணும் செய்யாதிய."

போனைப் பீரோவில் வைத்தேன். மீன்காரி வரவில்லை. முந்தின நாள் யாரும் கடலுக்குப் போகவில்லையே, எங்கிருந்து வரும்? சரி என்று நானே பருப்பை வேகப் போட்டு, முருங்கைக்காய் வெட்டிப் போட்டு ஒரு குழம்பு வைத்தேன். உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது. மற்றபடி சாப்பிட முடிந்தது. சாப்பிட்டுவிட்டு ஒரு சின்னத் தூக்கம் போட்டேன். சிலிண்டரை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன்.

இதில் எங்கே தப்பு நடந்தது என்பதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டுக் கிழமைகளைச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் எங்களுக்கு ஞாயிறு, திங்கள் கிடையாது, ஷிப்டுதான். ஓய்வு பெற்ற பிறகு அதுவும் இல்லை. காலண்டர் கிழிப்பது என் மனைவியின் வேலை. எனக்குக் கிழமை சொன்னது மீன்தான். எங்கள் ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள். அதனால் திங்கட்கிழமை காலையில் மீன்காரி வர மாட்டாள். அதனால் திங்கட்கிழமை எங்கள் வீட்டில் பருப்புக் குழம்பு. கல்யாணம் ஆன நாளிலிருந்து இது மாறினதில்லை.

ஜெபமாலையிலும் எந்தத் தேவ ரகசியத்தை நினைப்பது என்பதற்குக் கிழமைக் கணக்கு உண்டு. திங்களும் சனியும் சந்தோஷம், செவ்வாயும் வெள்ளியும் துக்கம், புதனும் ஞாயிறும் மகிமை, வியாழக்கிழமைக்கு ஒளி. நான் இந்த இரண்டு கணக்கையும் எனக்குத் தெரியாமலேயே ஒன்றாக முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன் என்பது அன்றைக்குச் சாயந்தரம்தான் தெரிந்தது.

குருசடி முன்னால் தெரு நிறைந்திருந்தது. மேகம் கறுத்திருந்தும் ஜெபமாலை மாதம் என்பதால் யாரும் வராமல் இல்லை. டீச்சர் படிக்குக் கீழே தன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விளக்கேற்றினேன். சிலுவை போட்டேன். பருப்புக் குழம்பு வயிற்றில் நிம்மதியாகக் கிடந்தது. வாயைத் திறந்தேன்.

"சந்தோஷ தேவ ரகசியங்களை தியானிப்போமாக."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டத்துக்கும் வாய்ப் பழக்கம்தானே? முதல் பத்து போனது. இரண்டாவது பத்தும் போனது. மூன்றாவதாக, இயேசு பாலன் மாட்டுத் தொழுவத்தில் பிறந்ததை நினைக்கச் சொன்னேன்.

"ஏலே, அதுக்குள்ள கிறிஸ்மஸ் வந்துட்டுலே!" என்று பின்னாலிருந்து ஒரு பொடியன் குரல். கொல்லென்று சிரிப்பு. "சவத்த மூதி, சும்மா இரு" என்று அவன் அம்மா போட்ட அடியும் கேட்டது. டீச்சரைப் பார்த்தேன். அவர் முகத்தில் வெள்ளிக்கிழமை எழுதியிருந்தது.

காது இரண்டும் சூடாகிவிட்டது. எல்லாருக்கும் பின்னால், பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்த கோலத்தில், கையில் பையோடு என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவளும் கேட்டிருக்கிறாள். கிழமைகூடத் தெரியாமல் நிற்கிற இந்த மனுஷனை மூன்று மாசம் எப்படி விட்டுவிட்டுப் போவது என்று அவள் நினைத்திருப்பாள். நானாக இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன். போச்சு, டிக்கெட் போச்சு, மகள் பாடு போச்சு.

ஆனால் நடுவில் நிறுத்தக் கூடாது. கையில் ஜெபமாலை மணி இருந்தது. ஜனங்கள் என் பாதிக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். கப்பலிலிருந்து கயிறு வந்துவிட்டால் பிடித்துத்தான் ஆக வேண்டும், பிறகுதான் பயம். சொன்னேன். அவர்கள் சொன்னார்கள். மறுபடி நான். அப்படியே ஐந்து பத்தும் முடிந்தது.

முடிந்ததும் டீச்சர் நாற்காலியிலிருந்தே கையைத் தூக்கினார்.

"தம்பி, இன்னைக்கு என்ன கிழமை?"

"வெள்ளிக்கிழமை டீச்சர்."

"வெள்ளிக்கிழமை யாராவது சந்தோஷம் சொல்லுவாங்களா?"

"மாதா ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டா டீச்சர்," என்றார் முன்வரிசையில் ஒரு பெண். "தினமும் அழுது அழுது அவளுக்கும் அலுத்திருக்கும்."

"அதெல்லாம் கிடையாது. வெள்ளிக்கிழமை துக்கம் சொல்லாம நான் ஒருநாளும் வீட்டுக்குப் போனதில்லை."

"மழை வருது டீச்சர்," என்று ஒரு ஆண் குரல்.

"வந்தா நனைங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கே ஆச்சரியமாக, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, துக்கத்தையும் சொல்லிருவோம். யாருக்கும் பாக்கி வேண்டாம்" என்று மறுபடி சிலுவை போட்டேன். ஒன்றிரண்டு பேர் முனகினார்கள். ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

துக்கத்தின் முதல் பத்தை ஆரம்பித்தபோதுதான் அந்தச் சிக்கல் தெரிந்தது. அன்றைக்குள்ள ஐந்து கவலையையும் நான் ஏற்கனவே செலவழித்துவிட்டிருந்தேன். மனைவி, மகள், சிலிண்டர், குருசடிக் கூரையில் ஒழுகுகிற இடம், இந்த அக்டோபர். ஐந்தும் போயாகிவிட்டது. அந்தந்தப் பத்தோடு முடித்துவிட வேண்டும் என்று சட்டம் போட்டவன் நானே. புதிதாக ஐந்துக்கு எங்கே போவது? கடையில் நின்றுகொண்டு சட்டைப் பையைத் துழாவுகிறவன் மாதிரி துழாவினேன். முதல் பத்துக்கு டீச்சரின் முட்டியை எடுத்துக்கொண்டேன். இரண்டாவதற்கு, அன்றைக்குப் பிழைப்பில்லாமல் போன மீன்காரி. மூன்றாவதற்கு, துறைமுகத்தில் இந்தக் காற்றில் கயிறு பிடிக்கிறவன், அவன் யாரோ. நாலாவதற்கு அடி வாங்கிய அந்தப் பொடியன்.

ஐந்தாவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. என் வயதுக்கு இப்படி ஒன்று எனக்கு நடந்ததே இல்லை. உள்ளே போய்த் தேடினேன், காலியாக இருந்தது. வேறு வழியில்லாமல் அந்தப் பத்தில் வெறும் ஜெபத்தைச் சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையாகக் காதில் விழுந்தது. இத்தனை வருஷம் சொன்னதைத்தான் சொன்னேன். ஆனால் அன்றைக்குத்தான் கேட்டேன். கடைசி மணிக்கு முன்னாலேயே தூறல் விழ ஆரம்பித்துவிட்டது.

கூட்டம் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஓடியது. டீச்சரை ஒரு பெண் குடை பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். போகிற போக்கில் டீச்சர் திரும்பி, "தம்பி, சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா நாளைக்கே ஒரு காலண்டர் வாங்கி உள்ள மாட்டணும்" என்றார்.

நான் விளக்கைத் தணித்துவிட்டுக் கதவைப் பூட்டினேன். என் மனைவி படியில் ஒதுங்கி நின்றாள். அவளைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"மத்தியானம் என்ன சாப்பிட்டிய?" என்று கேட்டாள்.

"மீன்காரி வரல. பருப்புக் குழம்பு வச்சேன்."

அவள் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல், ஈரப் படியிலேயே பையோடு உட்கார்ந்துவிட்டாள். தெருவில் வேறு யாருக்கும் விளங்காத அந்தக் கணக்கு அவளுக்கு மட்டும் விளங்கிவிட்டது. எங்கள் வீட்டு அடுப்புக்குச் சொந்தக்காரி அல்லவா?

"நான்கூட உங்களுக்கு மறதி நோய் வந்துட்டோன்னு பயந்து போயிட்டேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வயிறு திங்கக்கிழமைன்னு சொல்லிருக்கு, வாய் கேட்டிருக்கு. சரி, நெஞ்சு எப்படி இருக்கு?"

"என்ன நெஞ்சு?"

"அத்தனை பேரு முன்னால தப்பு விட்டியளே. படபடன்னு வரலையா?"

அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. உள்ளங்கையைப் பார்த்தேன். ஈரம் இருந்தது, ஆனால் அது மழை.

"இல்லையே" என்றேன்.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிவிட்டு, மிச்சமிருந்த பருப்புக் குழம்பை ஒரு வாய் எடுத்துப் பார்த்து, "உப்பு" என்றாள். பிறகு மகளுக்கு போன் போட்டாள். "நவம்பர்ல கல்லறைத் திருநாள் முடிஞ்ச மறுநாளைக்கு எனக்கு டிக்கெட் போடச் சொல்லு. ஒரு டிக்கெட்தான். அப்பா இங்கன இருந்துக்கிடுவாரு" என்றாள். நான் கேட்கவில்லை என்று காட்டிக்கொள்ள, சிலிண்டரைப் பார்க்கிற மாதிரி குனிந்தேன்.

மறுநாளும் கடலுக்கு ஆள் போகவில்லை, மீனும் இல்லை. ஆனாலும் மீன்காரி வெறும் கூடையோடு தெருவுக்கு வந்து சேர்ந்தாள். என் மனைவி யாரிடம் சொன்னாளோ, பருப்புக் குழம்பு விஷயம் அதற்குள் கடற்கரை வரைக்கும் போயிருந்தது.

"அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை சந்தோஷம் சொன்னது நீங்கதானாமே? நான் வராததுக்கு மாதா என்னையல்லா கேப்பா?"

"ஏளா, உனக்கும் சேர்த்து ஒரு பத்து சொல்லியாச்சு, போ."

"அப்போ இன்னைக்குச் சனிக்கிழமை, மறந்துராதிய! இன்னைக்கும் சந்தோஷம்தான்!" என்று சத்தம் போட்டுக்கொண்டே போனாள். அதிலிருந்து தினமும் வாசலில் கூடையை இறக்கும்போது மீன் பேருக்கு முன்னால் கிழமையைத்தான் சொல்லுவாள்.

என் மனைவி போய் இப்போது ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது. பேத்தி பிறந்திருக்கிறாள். தூங்கும்போது மூச்சு நன்றாக விடுகிறாள் என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே மகள் சொல்லிவிடுகிறாள். ராத்திரிகளில் சில நேரம் நெஞ்சு கொஞ்சம் அடிக்கத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நாளைக்குச் சாயந்தரம் வா என்கிறேன். பெரும்பாலும் போய்விடுகிறது. சில நாள் ஐந்தும் நிரம்புகிறது. சில நாள் நாலோடு நிற்கிறது. மிச்சத்தை யாருக்காவது கொடுக்கிறேன். டீச்சர் இப்போது தன் முட்டிக்கு ஒரு பத்து என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுகிறார். குருசடிக்குள் காலண்டர் தொங்குகிறது. காலையில் கண்ணாடியைத் துடைத்தவுடன் அதில் தாள் கிழிப்பதும் என் வேலைதான்.

ரயில் ஏறும்போது என் மனைவி ஜன்னல் வழியாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "திங்கக்கிழமையைத் தவிர வேற என்னைக்கும் பருப்புக் குழம்பு வைக்காதிய."

இன்றைக்கு வியாழக்கிழமை. நேற்றிலிருந்து மழை விடவில்லை, கடலுக்கு யாரும் போகவில்லை, மீன்காரியும் வரவில்லை. முட்டைக் குழம்பு வைத்திருக்கிறேன்.